உள்ளிருந்து பூட்டும் கதவு

2009இல் பொறியியல் முடித்தேன். கையில் வேலைக் கடிதம் இருந்தது, சேரும் தேதி மட்டும் இல்லை. உலகப் பொருளாதார மந்தம் என்றார்கள். ஊருக்குத் திரும்ப மனசில்லாமல் ஏழு மாதம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். எட்டடிக்குப் பத்தடி அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஒரு தளத்துக்கு இரண்டு குளியலறை. காலை ஆறு மணிக்கே பக்கெட்டோடு வரிசை நிற்கும்.

எதிர் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘சார்’. ஏதோ ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்ந்தவர். அந்த அறைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று மேனேஜர் சொன்னார். ஒருநாள் பேச்சுவாக்கில், “இத்தனை வருஷம் இங்கேயேவா சார்? ஒரு வீடு பார்த்திருக்கலாமே” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, வீடுன்னா என்ன? உள்ள இருந்து நான் தாழ்ப்பாள் போட்டா, வெளிய இருக்கறவன் தட்டிட்டுதான் வரணும். இங்க அது இருக்கே” என்றார்.

எனக்கு வேலை வந்தது, கிளம்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மேன்ஷன் ஏ.சி. லாட்ஜாக மாறியிருந்தது. நாள் வாடகை. பழைய மேனேஜர் மட்டும் இருந்தார். சாரைப் பற்றிக் கேட்டேன். “எல்லாரையும் காலி பண்ணச் சொன்னாங்க. அவரும் போயிட்டாரு.” எங்கே? “தெரியலையேப்பா.” அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு தேடவில்லை.

பல வருஷம் கழித்து வேலை நிமித்தம் நியூயார்க் போயிருந்தபோது, டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே 43வது தெருவும் எட்டாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு பதினைந்து மாடிக் கட்டடத்தின் முன் நின்றேன். அதன் கதையைப் படித்த பிறகுதான் சாரின் கேள்விக்கு ஒரு நகரம் எழுபது ஆண்டுகளாகப் பதில் தேடித் திணறியது எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் திணறலைப் பற்றியது.

ஒற்றை அறைகளின் நகரம்

நியூயார்க்கிலும் ஒருகாலத்தில் மேன்ஷன்கள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, பேட்டை பேட்டையாக. துறைமுகத் தொழிலாளிகள், சமையல்காரர்கள், நாடகக் கொட்டகை ஆட்கள், தட்டச்சுப் பெண்கள், ஓய்வுபெற்ற மாலுமிகள் எனத் தனி ஆட்கள் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தங்கிய விடுதிகள் அவை. பிற்காலத்தில் அதிகார மொழியில் ‘சிங்கிள் ரூம் ஆக்குபன்சி’ என்று பெயர் வந்தது, சுருக்கமாக எஸ்.ஆர்.ஓ. ஒரு அறை, ஒரு ஆள்; குளியலறையும் சமையலறையும் பொது, அல்லது சமையலறையே கிடையாது.

இதில் மேல்தட்டும் உண்டு, அடித்தட்டும் உண்டு. பவுரி தெருவில் மரத்தடுப்புக்கு மேல் கம்பிவலை அடித்த ‘கூண்டு’ விடுதிகள் அடித்தட்டு. அதற்கு மாற்றாக 1897இல் டேரியஸ் ஆக்டன் மில்ஸ் என்ற வங்கியாளர் பிளீக்கர் தெருவில் மில்ஸ் ஹவுஸ் என்ற பெரிய விடுதியைக் கட்டினார். கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஃபிளாக். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குட்டி அறைகள், ஓர் இரவுக்கு 20 சென்ட். அறை சிறியது, ஆனால் கீழே படிப்பறை, உணவுக்கூடம், கண்ணாடிக் கூரையிட்ட முற்றங்கள். தனியறை சிறியதாக இருந்தால் பொது இடம் பெரியதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

நான் நின்று பார்த்த அந்தப் பதினைந்து மாடிக் கட்டடம் 1920களின் தொடக்கத்தில் எழுந்தது. பிறகு டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டல் என்று பெயர் பெற்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட அறைகள், பளிங்குப் படிக்கட்டுடன் ஒரு பெரிய முகப்புக்கூடம். பெரும்பாலும் தனி ஆட்களுக்கான விடுதி.

நல்லெண்ணத்தால் அழிந்தவை

எஸ்.ஆர்.ஓ.க்களை அழித்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். உண்மையில் நடந்தது வேறு. சீர்திருத்தவாதிகள், நகரத் திட்டமிடுவோர், சுகாதார அதிகாரிகள் எல்லோரும் “ஒற்றை அறையில் மனுஷன் வாழக் கூடாது, எல்லாருக்கும் முழு வீடு வேணும்” என்று நம்பினார்கள். தப்பான ஆசை இல்லை. ஆனால் அந்த முழு வீடுகளைக் கட்டுவதற்கு முன்பே சின்ன அறைகளை ஒழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1955இல் புதிதாக எஸ்.ஆர்.ஓ.க்கள் உருவாக்குவதை நியூயார்க் சட்டம் போட்டு நிறுத்தியது. 1970களில் இன்னொரு படி மேலே போனது. ஜே-51 என்ற வரிச்சலுகைத் திட்டத்தின் கீழ், இப்படிப்பட்ட விடுதியைக் காலி செய்து உயர்தர அடுக்ககமாக மாற்றும் உரிமையாளருக்கு நகரமே வரியைத் தள்ளுபடி செய்தது. ஏழையை வெளியேற்ற அரசாங்கமே காசு கொடுத்தது என்று சொன்னால் அது மிகையில்லை. 1950களுக்கும் 1980களுக்கும் இடையே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலிவு அறைகள் அந்த நகரத்திலிருந்து மறைந்தன.

இதே காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 1955இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 93,000 பேர் இருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன. பெரிய மருத்துவமனைகளின் கொடுமைகள் வெளியே தெரிந்தன. நோயாளிகளை ஊருக்குள் வாழவைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1980 வாக்கில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வெளியே வந்தவர்களுக்கு ஊருக்குள் சிகிச்சை மையங்களும் வீடுகளும் தருவதாகச் சொன்னார்கள். போதிய அளவில் எதுவும் வரவில்லை. வந்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் எஸ்.ஆர்.ஓ.க்கள்தான். அதுவும் மறையத் தொடங்கியபோது மிச்சம் இருந்தது தெரு.

மென்பொருள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய நிரலில் அசிங்கமாக ஒரு பகுதி இருக்கும். “இது எதுக்கு?” என்று எரிச்சலோடு அழிப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ எதுவோ விழும்போதுதான் அந்த அசிங்கம் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

காலஹான் என்ற சமையல்காரர்

1979இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு வழக்கைப் போட்டார். மனுதாரர்களில் முதல் பெயர் ராபர்ட் காலஹான். முன்பு உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர், அப்போது பவுரியில் தெருவாசி. வாதம் எளிமையானது. 1938இல் நியூயார்க் மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, இல்லாதவர்களுக்கு உதவியும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது. அப்படியானால் குளிரில் சாகும் மனிதனுக்குக் கூரை தருவதும் கடமைதானே?

1981இல் நகரமும் மாநிலமும் இறங்கிவந்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. வீடற்ற ஆண்களில் கேட்பவருக்கெல்லாம் தங்க இடம் தர வேண்டும். பிறகு பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் அந்த உரிமை விரிந்தது. கையெழுத்தான நாளில் காலஹான் உயிரோடு இல்லை. அதற்கு முன்பே தெருவில் இறந்துவிட்டார்.

உரிமை கிடைத்தது. ஆனால் அது கட்டிலுக்கான உரிமை, அறைக்கானது அல்ல. நகரம் அவசர அவசரமாகப் பழைய படைப் பயிற்சிக் கூடங்களைத் திறந்தது. ஃபோர்ட் வாஷிங்டன் கூடத்தில் ஒரே தளத்தில் ஏறத்தாழ ஆயிரம் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. குடும்பங்களை நொடித்துப்போன ஹோட்டல்களில் அடைத்தார்கள். 28வது தெருவில், 1904இல் திறக்கப்பட்டு ஒருகாலத்தில் நாட்டிய மண்டபத்துக்குப் பேர்போன பிரின்ஸ் ஜார்ஜ் ஹோட்டல், 1980களில் குழந்தைகளும் தாய்மாரும் நெரிசலில் தங்கும் இடமானது. ஒரு நல்ல வீட்டுக்கு ஆகும் வாடகையைவிட அதிகமான பணம் அந்த அழுக்கு அறைகளுக்கு உரிமையாளர்களிடம் போனது. தற்காலிகம் என்ற சொல்லுக்குத்தான் அந்த விலை.

மிச்சமிருந்த எஸ்.ஆர்.ஓ.க்களையாவது காப்பாற்றலாம் என்று 1980களின் நடுவில் நகரம் அவற்றை இடிக்கவும் மாற்றவும் தடை விதித்தது. 1989இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், இது உரிமையாளரின் சொத்தைப் பறிப்பது என்று தடையை ரத்து செய்தது. முப்பது ஆண்டுகள் அழித்துவிட்டுக் காப்பாற்ற நினைத்தபோது நேரம் கடந்திருந்தது.

மூன்று துறவிகள்

விடை பெரிய இடத்திலிருந்து வரவில்லை. 31வது தெருத் தேவாலயத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவிகள், பக்கத்திலிருந்த ஒரு விடுதியில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்களைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி போடுவது, மருந்து சாப்பிட்டார்களா என்று பார்ப்பது, பேசுவது. விடுதி கைமாறியது. புது உரிமையாளர் எல்லோரையும் வெளியேற்றினார். துறவிகளுக்கு அப்போது ஒன்று புரிந்தது: கட்டடம் நம் கையில் இல்லையென்றால் நாம் செய்யும் எந்த உதவியும் ஒரு நோட்டீஸில் முடிந்துவிடும்.

1980இல் 24வது தெருவில் பழைய விடுதி ஒன்றைத் தாங்களே வாங்கி, செயின்ட் பிரான்சிஸ் ரெசிடன்ஸ் என்று திறந்தார்கள். ஜான் மெக்வீன், ஜான் ஃபெலிஸ், தாமஸ் வால்டர்ஸ் என்ற மூவர். அறை நிரந்தரம், உதவி அதே கட்டடத்தில். ‘சப்போர்ட்டிவ் ஹவுசிங்’ என்று இன்று உலகம் சொல்வதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது. தமிழில் ‘துணையுடன் கூடிய குடியிருப்பு’ எனலாம். துணை என்ற சொல்லில் அதிகாரம் குறைவு, அதனால் பிடிக்கிறது.

யாரும் வாங்காத ஹோட்டல்

இப்போது 43வது தெருவுக்கு வரலாம். 1980களின் கடைசியில் டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டல் திவாலாகிக் கிடந்தது. எழுநூற்றுச் சொச்சம் அறைகளில் சுமார் இருநூறு பேர் மிச்சம். பெரும்பாலும் வயதானவர்கள், நோயாளிகள். எங்கள் சாரைப் போன்றவர்கள்.

ரோசான் ஹாகர்ட்டி அப்போது புரூக்ளினில் ஒரு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பின் வீட்டுத் திட்டங்களில் வேலை பார்த்தார். கல்லூரி முடித்த புதிதில் இதே டைம்ஸ் சதுக்கப் பகுதியில், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கான இல்லத்தில் தொண்டராக இருந்தவர். இந்தக் கட்டடத்தை வாங்குங்கள் என்று அவர் பல அமைப்புகளின் கதவைத் தட்டினார். ரொம்பப் பெரிசு என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். கடைசியில் 1990இல் காமன் கிரவுண்ட் என்ற அமைப்பை அவரே தொடங்கினார். வயது முப்பதுக்குள். 1991இல் நகரத்தின் கடனோடு கட்டடம் கைக்கு வந்தது. அங்கிருந்த பழைய ஆட்களை வெளியேற்றாமல், அவர்கள் இருக்கும்போதே வேலை நடந்தது. 652 குடியிருப்புகளோடு, அந்த நாட்டிலேயே இவ்வகையில் மிகப்பெரிய கட்டடமானது.

பணம் எப்படி வந்தது என்பது முக்கியம், ஏனென்றால் நல்ல எண்ணம் மட்டும் பைப் மாற்றாது. 1986இன் வரிச்சட்டம் குறைந்த வருமானத்தாருக்கு வீடு கட்டுவதில் முதலிடும் நிறுவனங்களுக்கு வரிக்கழிவு தந்தது. பழம்பெருமை வாய்ந்த கட்டடத்தைச் சீரமைத்தால், செலவில் 20 சதவீதம் இன்னொரு வரிக்கழிவு. இந்த இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை: கட்டடத்தின் பழைய அடையாளங்களைச் சிதைக்கக் கூடாது. ஆகவே பளிங்குப் படிக்கட்டும் முகப்புக்கூடமும் பழைய அழகோடு திரும்பின. ஏழைகளின் கட்டடத்துக்கு எதற்குப் பளிங்கு என்று கேட்பவருக்குக் கணக்குவழக்கிலேயே பதில் இருந்தது.

மில்ஸ் ஹவுஸின் பழைய கணக்கு இங்கே மறுபடி வருகிறது. அறை சிறியது. ஆகவே முகப்புக்கூடம், கணினி அறை, ஓவியக்கூடம், மேல்மாடித் தோட்டம் எல்லாம் பொது. தெருவைப் பார்த்த கடைகளை வாடகைக்கு விட்டார்கள். அங்கே வந்த ஐஸ்கிரீம் கடை ஒன்றில் கட்டடத்து ஆட்களுக்கே வேலை கிடைத்தது.

அதைவிட முக்கியமான முடிவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. குடியிருப்போரில் ஏறத்தாழ பாதிப் பேர் தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்தவர்கள். மறுபாதி குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். பக்கத்து நாடக அரங்குகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. லிஃப்டில் யார் எந்தப் பாதி என்று தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாடகை ஒப்பந்தம். கட்டடத்தை நடத்துவது ஓர் அமைப்பு. சமூகப் பணியாளர்களும் மனநல உதவியும் வேறோர் அமைப்பு. “மருந்து சாப்பிடலைன்னா ரூமைக் காலி பண்ணு” என்று சொல்லும் ஆளும் ஆறுதல் சொல்ல வரும் ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

பிறகு 1996இல் அதே அமைப்பு பிரின்ஸ் ஜார்ஜ் ஹோட்டலையும் வாங்கி, 1999இல் 416 குடியிருப்புகளாகத் திறந்தது. பாழாகிக் கிடந்த நாட்டிய மண்டபத்தைச் சீரமைப்பதில் தொழில் பழகும் இளைஞர்களும் கைகொடுத்தார்கள். இன்று அது விழாக்களுக்கு வாடகைக்குப் போகிறது.

கணக்குப் புத்தகம்

1990இல் நகரமும் மாநிலமும் சேர்ந்து, மனநோயுள்ள வீடற்றவர்களுக்கு 3,615 குடியிருப்பு இடங்கள் உருவாக்க ஒப்பந்தம் செய்தன. அதன் விளைவை டென்னிஸ் கல்ஹேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். 4,679 பேரின் பதிவுகள். காப்பகம், மருத்துவமனை, சிறை என்று அலைந்த காலத்தில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு அரசு செலவிட்டது சராசரியாக 40,451 டாலர். குடியிருப்பு கிடைத்த பிறகு அந்தச் செலவில் 16,281 டாலர் குறைந்தது. ஓர் இடத்தை நடத்த ஆண்டுக்கு 17,277 டாலர். கழித்துப் பாருங்கள்: ஆயிரம் டாலருக்கும் குறைவான கூடுதல் செலவில் ஒரு மனிதனைத் தெருவில் வைத்திருப்பதற்குப் பதில் அறையில் வைத்திருக்கலாம்.

இந்த எண்களை முதலில் படித்தபோது துள்ளினேன். அப்புறம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒருவேளை கணக்கு மாறி வந்திருந்தால், ஐயாயிரம் டாலர் அதிகம் என்று வந்திருந்தால், சாருக்கு அறை வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? எண்கள் அதிகாரியைச் சம்மதிக்க வைக்கத் தேவை. நாம் சம்மதிக்க அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கட்டடத்துக்கு வெளியே படுத்திருந்தவர்கள்

இங்கே முடித்தால் இது விளம்பரம். கட்டடம் நிரம்பி, விருதுகள் வந்து, 2001இல் ஹாகர்ட்டிக்கு மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்த பிறகும், அதே டைம்ஸ் சதுக்கத்தில் அதே மனிதர்கள் தெருவில் படுத்திருந்தார்கள். காரணம் எளிது: அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. படிவம், அடையாளச் சான்று, நேர்காணல், நாள்பட்ட காத்திருப்பு. இத்தனையும் தாண்டி வரக்கூடியவர் ஓரளவு தெம்புள்ளவர். மிக மோசமான நிலையில் இருப்பவருக்கு வாசலே தெரியவில்லை.

ஹாகர்ட்டியின் குழு 2000களில் முறையைத் தலைகீழாக்கியது. விடிகாலையில் தெருவில் இறங்கி, யார் தினமும் இங்கேயே படுக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நெடுநாள் கிடப்பவருக்கும் சாகும் ஆபத்தில் இருப்பவருக்கும் முதலில் அறை. அந்த இருபது தெருச் சதுரத்தில் தெருவாசம் 87 சதவீதம் குறைந்தது. பிறகு அதுவே 2010 முதல் 2014 வரை பல நகரங்கள் சேர்ந்த இயக்கமாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு சேர்ந்தார்கள். இதே நகரத்தில் 1992இலேயே சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், குடியை நிறுத்து, மருந்தைச் சாப்பிடு என்று எந்த நிபந்தனையும் வைக்காமல் நேரே சாதாரண அடுக்ககங்களில் வீடு கொடுத்துப் பார்த்திருந்தார். பெரும்பாலோர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அப்படியும் நியூயார்க் ஜெயித்துவிடவில்லை. 2023இல் அந்நகரக் காப்பகங்களில் ஒரே இரவில் தங்கியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். ஹோட்டல்களை மாற்றுவது சுலபம்: ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் கலிபோர்னியா காலியாகக் கிடந்த ஹோட்டல்களையும் மோட்டல்களையும் வாங்கிச் சில மாதங்களில் ஏறத்தாழ ஆறாயிரம் வீடுகளை உண்டாக்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் அழிந்த லட்சம் அறைகளுக்கு எத்தனை ஹோட்டல் கிடைக்கும்?

சாவி

நம் ஊரிலும் இந்தச் சிந்தனை இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பான்யன், பல வருஷம் மனநல இல்லங்களிலேயே தங்கிப்போன பெண்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, நாலைந்து பேர், கூட ஒரு உதவியாளர். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கலாம்.

ஆனால் மேன்ஷன்களைப் பற்றி யாரும் இப்படி யோசிப்பதாகத் தெரியவில்லை. நமக்கு அவை பேச்சிலர் நகைச்சுவை, சினிமா ஆசையோடு வந்தவனின் முதல் விலாசம். அங்கே இருபது வருஷமாகக் கிடக்கும் மனிதருக்கு அது ஒரு பாதுகாப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது லாட்ஜாக மாறினால் நகரம் ஒரு வீட்டை இழந்ததாகக் கணக்கில் வராது. நியூயார்க்கும் அப்படித்தான் தொடங்கியது. இழந்த பிறகு அதே எட்டடி அறையை மறுபடி உண்டாக்க ஹோட்டலை வாங்கி, வரிக்கழிவு திரட்டி, நீதிமன்றம் ஏறி, நாற்பது வருஷம் பாடுபட்டது.

43வது தெருவில் நான் நின்ற சில நிமிடங்களில், கையில் மளிகைப் பையோடு ஒரு முதியவர் வந்தார். கதவைத் தள்ளி உள்ளே போனார், மேசையில் இருந்த காவலரிடம் என்னவோ சொன்னார், அவர் சிரித்தார். லிஃப்ட் கதவு மூடியது. மேலே ஏதோ ஒரு தளத்தில் அவர் சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பார்.

சாரின் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு மாதம் எதிர் அறையில் இருந்திருக்கிறேன், கேட்டதே இல்லை.